செய்முறைப் பாடம் எழுதிப் பகிர்வதும், அதற்கு வரும் விமர்சனத்தைக் கையாள்வதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சட்டையில் அறுந்துபோன பொத்தானைத் திரும்பத் தைப்பது எப்படி என்பதுதான் நான் முதன்முதலில் எழுதிய செய்முறைப் பாடம். அதில் ஏழு படிகள் இருந்தன. அதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவரிடமிருந்து சில நாட்களில் ஒரு கடிதம் வந்தது. "நீங்கள் சொன்னபடியே தைத்தேன். பொத்தான் துணியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காஜாவுக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. முழுதாகத் தெரியாதவர்கள் எதற்குச் சொல்லித்தர வருகிறீர்கள்?" என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் மனத்தை மிகவும் வருத்தியதால், அதற்கு முன்னால் இருந்தவை எவ்வளவு பயனுள்ள செய்தி என்பது இரண்டு நாட்கள் கழித்தே எனக்கு உறைத்தது. பொத்தானைத் தைக்கும்போது நூலைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. என் கை அதைத் தானாகவே செய்துவந்ததால், அதுவும் ஒரு படி என்று எனக்குத் தோன்றவில்லை.

டுடோரியல் என்று பலரும் வழங்கும் செய்முறைப் பாடத்தை எழுதத் தொடங்கும் எவருக்கும் இது நேரக்கூடியது. 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை நடத்தினார். சிலர் தங்களுக்கு நன்கு தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட, எதிரில் இருந்தவர்கள் அது எந்தப் பாடல் என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாடல்களில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டியவருக்குப் பாடல் முழுவதும் மனத்துக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது, கேட்டவருக்கோ வெறும் தட்டல் ஓசைதான் எட்டியது. நமக்குப் பழகிய செயலை எழுதும்போது நாமும் இப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே, நம் பாடத்துக்கு வரும் குறைகூறலில் பெரும்பகுதி, படித்தவரின் கை எந்த இடத்தில் நின்றுபோனது என்ற தகவல்தான். அதை அப்படியே பெற்றுக்கொள்ளத் தேவையான நிதானம், பாடத்தை எழுதிய விதத்திலும் சோதித்த விதத்திலும் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் விமர்சனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எழுதுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதல் படி: பொருளைச் சுருக்கி, எல்லையை முதலிலேயே சொல்லுங்கள்

நன்கு கைவந்த பெரிய விஷயத்தைவிட, அண்மையில் கற்றுக்கொண்ட சிறிய விஷயமே முதல் பாடத்துக்கு ஏற்றது. எங்கே தடுமாறினோம் என்பது அப்போதுதான் பசுமையாக நினைவில் இருக்கும். "சட்டை தைப்பது" ஒரு பாடத்துக்குள் அடங்காது. "அறுந்த பொத்தானைத் திரும்பத் தைப்பது" அடங்கும்.

பாடத்தின் தலைப்புக்குக் கீழேயே நான்கு செய்திகளை எழுதிவிடுங்கள்: இது யாருக்கு, அவரிடம் என்னென்ன இருக்க வேண்டும், முடிவில் அவர் கையில் என்ன இருக்கும், ஏறக்குறைய எவ்வளவு நேரம் ஆகும். என் அனுபவத்தில், "இதைச் சொல்லவில்லை, அதைச் சொல்லவில்லை" என்று வரும் குறைகளில் பல, எல்லை குறிக்கப்படாத பாடங்களுக்கே வருகின்றன. "நான்கு துளையுள்ள தட்டையான பொத்தானுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தால், அடியில் வளையம் உள்ள பொத்தானைப் பற்றிக் கேட்பவருக்கு அந்த வரியைச் சுட்டிக்காட்டிப் பணிவாகப் பதில் சொல்லிவிடலாம்.

எழுதுவது எந்த வகை என்பதிலும் தெளிவு வேண்டும். மென்பொருள் ஆவணங்களுக்காக டானியேலே புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் என்னும் முறை, ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கையைப் பிடித்துக் கற்றுத்தரும் பாடம், ஒரு வேலையை முடிக்க உதவும் வழிகாட்டி, தேடிப் பார்க்க உதவும் தகவல் தொகுப்பு, ஏன் எப்படி என்று புரியவைக்கும் விளக்கம். புதியவர்கள் பெரும்பாலும் இந்த நான்கையும் ஒரே கட்டுரையில் கலந்துவிடுகிறார்கள். ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் நூல் வகைகளின் வரலாறு குறுக்கே வந்தால், படிப்பவர் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

இரண்டாம் படி: செய்துகொண்டே எழுதுங்கள்

நினைவிலிருந்து எழுதாதீர்கள். பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு, வேலையை மெதுவாகச் செய்து, கை அசையும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம்பிடித்து, பிறகு ஓட்டிப் பார்த்தும் எழுதலாம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் பொத்தானை இப்படித் தைத்துப் பார்த்தபோது, ஏழு என்று நினைத்திருந்த படிகள் பதினான்காக விரிந்தன. அவற்றில் சிலவற்றைப் பின்னர் இணைத்தேன். ஆனால் எதை இணைக்கலாம், எதை இணைக்கக் கூடாது என்பதை முழுப்பட்டியல் கண்ணெதிரே இருந்தபோதுதான் முடிவு செய்ய முடிந்தது.

ஒவ்வொரு படியிலும் மூன்று கூறுகள் இருக்கட்டும்: செய்ய வேண்டிய ஒரே செயல், அதைச் செய்தபின் கண்ணில் படவேண்டிய அடையாளம், அது தென்படாவிட்டால் செய்ய வேண்டியது. என் பழைய படி இப்படி இருந்தது: "ஊசியைத் துளைகள் வழியாக ஏற்றி இறக்கிப் பொத்தானைத் தைக்கவும்." புதிய படி இது: "பொத்தானின் மேல், துளைகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சியைக் கிடையாக வையுங்கள். நூல் குச்சியின் மேலாகச் செல்லுமாறு ஒவ்வொரு துளைச் சோடியிலும் மூன்று முறை ஊசியை ஏற்றி இறக்குங்கள். குச்சியை உருவிய பின் பொத்தானை மேலே தூக்கினால், பொத்தானுக்கும் துணிக்கும் இடையே நூல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நூல் இறுகியிருக்கிறது. பிரித்து, குச்சியை வைத்து மீண்டும் தையுங்கள்." பழைய படியைவிட இது பல மடங்கு நீளம்தான். ஆனால் படிப்பவர் தாம் செய்தது சரியா என்பதை யாரையும் கேட்காமல் தாமே அறிந்துகொள்கிறார்.

1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரலும் அவருடைய குழுவினரும் கணினி கற்பவர்களைக் கூர்ந்து கவனித்தார்கள். தடித்த கையேடுகளின் முன்னுரைகளை மக்கள் பொறுமையாகப் படிப்பதில்லை, நேரே செயலில் இறங்குகிறார்கள், பிறகு பிழையில் சிக்கி வெளிவரத் தெரியாமல் தவிக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அதனால் முன்னுரையைக் குறைத்து, செயலை முன்னே வைத்து, பிழையிலிருந்து மீளும் வழியைப் பிழை நேரும் இடத்திலேயே சொல்லும் மெலிந்த கையேடுகளை அவர்கள் உருவாக்கினார்கள். "தெரியாவிட்டால் என்ன செய்வது" என்ற மூன்றாவது கூறை நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். ஒரு படிக்குள் பல செயல்களைத் திணிப்பதும் கூடாது. மனத்தில் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியவை ஏறக்குறைய நான்கு கூறுகளே என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எடுத்துக்காட்டினார். கையில் ஊசியோடு இருப்பவருக்கு அதில் ஒன்றிரண்டு ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

படங்களைப் பற்றி ஒரே ஒரு அறிவுரை. செய்பவரின் கண் எங்கே இருக்குமோ அங்கிருந்து படமெடுங்கள். எதிரே நின்று எடுத்த படத்தில் இடம் வலமாக மாறித் தெரியும். பார்ப்பவர் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் திருப்பிப்போட வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: வெளியிடும் முன் சோதியுங்கள்

தன்னம்பிக்கை சேரும் இடம் இதுதான். இதைத் தவிர்த்துவிட்டு நேரே வெளியிடுபவர்களே முதல் கடுஞ்சொல்லில் ஒடிந்துபோகிறார்கள்.

முதலில் நீங்களே சோதியுங்கள். நாம் எழுதியது எப்போதும் நமக்குச் சரியாகவே தெரியும் என்பதால், தவறுகளைத் தேட ஒரு பட்டியல் தேவை. நன்னூல் அதை நமக்கு எப்போதோ தந்துவிட்டது. பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாதவை என்று தொகுத்த பத்துக் குற்றங்களில் பல, செய்முறைப் பாடத்துக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. தேவையான படி விடுபட்டிருந்தால் அது குன்றக் கூறல்; என் பாடத்தின் குற்றம் அதுதான். தேவைக்கு மேல் அடுக்கினால் மிகைபடக் கூறல். சொன்னதையே திரும்பச் சொன்னால் கூறியது கூறல். இரண்டாம் படியில் "இரட்டை நூல்" என்று சொல்லிவிட்டு ஆறாம் படியில் ஒற்றை நூலின் படத்தைக் காட்டினால் மாறுகொளக் கூறல். "அதை இதனுள் நுழைக்கவும்" என்று எது எதனுள் என்பது தெரியாமல் எழுதினால் மயங்க வைத்தல். நூல் வகைகளின் வரலாற்றுக்குள் போய்விட்டால் மற்றொன்று விரித்தல். தொடக்கத்தில் விரிவாக எழுதி, களைத்துப்போய்க் கடைசியில் "பின்னர் முடிச்சிடவும்" என்று இரண்டு சொல்லில் முடித்தால் சென்று தேய்ந்து இறுதல். இந்தக் கடைசிக் குற்றம் புதியவர்களின் பாடங்களில் மிகுதி என்பது என் கணிப்பு. ஒவ்வொரு குற்றத்தையும் மனத்தில் வைத்து ஒரு முறை என்று பாடத்தைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் தேடினால் ஒன்றும் கண்ணில் படாது.

பிறகு அந்தச் செயலை அறியாத ஒருவரிடம் பாடத்தைக் கொடுத்து, அருகில் அமர்ந்து, வாய் திறக்காமல் பாருங்கள். வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம். அவர் தவறான துளையில் ஊசியை நுழைக்கும்போது "இல்லை, இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டால், பாடத்தில் இருந்த ஓட்டையை உங்கள் குரலால் அடைத்துவிட்டீர்கள். வெளியிட்ட பிறகு அந்தக் குரல் அங்கே இருக்காது. அவர் எங்கே நின்றார், எந்த வரியைத் திரும்பப் படித்தார், எந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் திரைகளைச் சோதிப்பது பற்றி ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் தந்த கணக்கின்படி, சராசரியாக ஒருவர் குறைகளில் 31 விழுக்காட்டை வெளிக்கொணர்கிறார். ஐந்து பேர் சோதித்தால் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிவந்துவிடுகிறது. அந்தக் கணக்கு மென்பொருளுக்கானது என்றாலும், சிலரே போதும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். ஐந்து பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேரையாவது கண்டுபிடியுங்கள்.

நான்காம் படி: பகிரும்போது சரியான கேள்வியைக் கேளுங்கள்

"நான் வல்லுநர் அல்லன், தவறிருந்தால் மன்னியுங்கள்" என்ற முன்னுரையுடன் வெளியிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பணிவு போலத் தோன்றினாலும் படிப்பவருக்கு எந்தச் செய்தியையும் தருவதில்லை. குறைகாண்பவரின் கண்ணைப் பாடத்தை விட்டு உங்கள் மேல் திருப்புவதே அதன் விளைவு. அதற்குப் பதிலாக, சோதித்ததைச் சொல்லுங்கள்: "பருத்திச் சட்டையில், நான்கு துளைப் பொத்தானில் செய்துபார்த்தது. இதுவரை தைத்துப் பழகாத மூவர் இதைப் பின்பற்றித் தைத்தார்கள். தடித்த கம்பளித் துணியில் சோதிக்கவில்லை." இதில் தற்பெருமையும் இல்லை, தாழ்வும் இல்லை. எழுதிய நாளையும், மென்பொருள் பற்றிய பாடமானால் அதன் பதிப்பு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். ஒரு காலத்தில் சரியாக இருந்த படி பின்னர் மாறிப்போயிருக்கலாம் என்பதைப் படிப்பவர் அப்போதுதான் உணர்வார்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "எந்தப் படியில் நின்றீர்கள்? அப்போது என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது?" என்று பாடத்தின் அடியில் கேளுங்கள். கேள்வி இப்படி இருந்தால், கோபத்தோடு எழுதுபவர்கூடப் படி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவார். முதல் முறை வெளியிடுபவர்கள் சிறு வட்டத்தில் தொடங்கி, ஒரு சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகு விரிவாகப் பகிர்வது நல்லது.

ஐந்தாம் படி: விமர்சனம் வந்தபின்

வந்த உடனே பதில் எழுதாதீர்கள். ஒரு பத்து நன்றிக் கடிதங்களுக்கு நடுவே வந்த ஒரு கடுமையான வரிதான் இரவில் நினைவுக்கு வரும். அது உங்கள் பலவீனம் அன்று. நல்லவற்றைவிடத் தீயவை மனத்தில் ஆழமாகப் பதிகின்றன என்பதை உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டரும் பிறரும் 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த வேகம் தணியும் வரை காத்திருங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கத்தில் பாடத்தைப் பற்றிய சொற்களையும், வலப்பக்கத்தில் உங்களைப் பற்றிய சொற்களையும் பிரித்து எழுதுங்கள். எனக்கு வந்த கடிதத்தில் "பொத்தான் துணியோடு ஒட்டி நிற்கிறது", "காஜாவுக்குள் நுழையவில்லை" என்பவை இடப்பக்கம்; "முழுதாகத் தெரியாதவர்கள்" என்பது வலப்பக்கம். வலப்பக்கத்தை மடித்துவிட்டு இடப்பக்கத்தை மட்டும் வைத்து வேலை செய்யுங்கள். இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. 1996-இல் க்ளூகர், டெனிசி என்னும் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய பல நூறு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாக நன்மை செய்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அதைப் பெற்றவரின் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றிய எண்ணங்களுக்குத் திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குன்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். தாளில் போடும் கோடு அந்தக் கவனத்தை வேலையின் பக்கமே நிறுத்திவைக்கும்.

இடப்பக்கத்தில் நின்றதை இனி வகைப்படுத்த வேண்டும். உண்மைப் பிழையும், யாருக்கேனும் காயமோ இழப்போ விளைவிக்கக்கூடிய குறையும் அன்றே திருத்தப்பட வேண்டியவை. அவற்றை ஒரே ஒருவர் சொன்னால் போதும், இன்னும் பலர் சொல்லட்டும் என்று காத்திருக்கக் கூடாது. "செய்ய முடியவில்லை" என்று வருபவை அடுத்த வகை. அவர் சொன்னதை அப்படியே நீங்களும் செய்துபாருங்கள். நான் தீக்குச்சி இல்லாமல், நூலை ஒவ்வொரு முறையும் இறுக இழுத்துத் தைத்துப் பார்த்தபோது, என் பொத்தானும் காஜாவுக்குள் நுழையவில்லை. அந்த நொடியில் வருத்தம் முழுவதும் போய், எதைத் திருத்த வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது. செய்துபார்த்தும் தடை தென்படாவிட்டால், "நீங்கள் பயன்படுத்திய துணி எவ்வளவு தடிமன்? பொத்தானில் எத்தனை துளைகள்?" என்று கேளுங்கள்.

"நான் வேறு விதமாகச் செய்வேன்" என்பவை மூன்றாவது வகை. இரட்டை நூல் வீண், ஒற்றை நூலே போதும் என்று ஒருவர் எனக்கு எழுதினார். அவர் முறையிலும் பொத்தான் நிற்கும். நன்றி சொல்லி, பாடத்தை அப்படியே விட்டேன், ஏனென்றால் புதியவருக்கு ஒரே பாதையைக் காட்டுவதுதான் பாடத்தின் வேலை. ஆனால் இந்த வகையில் தள்ளிவிடுவதற்கு முன் இருமுறை படியுங்கள். மெல்லிய சட்டைக்குத் தீக்குச்சி அளவு தளர்வு அதிகம், பொத்தான் தொங்கும் என்று இன்னொருவர் எழுதியதை முதலில் நான் விருப்பு வேறுபாடு என்றே நினைத்தேன். யோசித்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. விட வேண்டிய தளர்வு, காஜா இருக்கும் பக்கத்துத் துணியின் தடிமனைப் பொறுத்தது. மெல்லிய துணிக்குக் குண்டூசியே போதும்.

குறை சொன்னவரே தவறாக இருக்கும்போது நீங்கள் தலைகுனிய வேண்டியதும் இல்லை, குரலை உயர்த்த வேண்டியதும் இல்லை. செய்த சோதனையை எடுத்து வையுங்கள்: "ஐயா, நீங்கள் சொன்னபடி முடிச்சை முன்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், பொத்தானுக்கு அடியில் அது துருத்திக்கொண்டு நிற்கிறது. பின்பக்கத்தில் போட்டால் அப்படி ஆகவில்லை. நீங்கள் செய்ததன் படம் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்." இதற்கு மேல் அவர் வாதத்தைத் தொடர்ந்தால், ஒரு முறை விளக்கியதோடு நிறுத்திவிடலாம். கடைசிச் சொல் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் வலப்பக்கம் மட்டும் நிரம்பியிருந்தால் அது விமர்சனம் அன்று, வசை. வசைக்குப் பதில் கடன்பட்டவர் எவரும் இல்லை; நீக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். மிரட்டலாக இருந்தால் மட்டும் அழிக்காமல் நகலெடுத்து வைத்து, நம்பகமான ஒருவரிடம் காட்டி, உரிய இடத்தில் புகார் செய்யுங்கள்.

ஆறாம் படி: திருத்தத்தை வெளிப்படையாகச் செய்யுங்கள்

பிழையை ஓசையின்றி மாற்றிவிட்டு ஒன்றும் நடவாதது போல இருப்பது, பழைய பதிப்பைப் பின்பற்றித் தைத்தவர்களுக்கு நியாயம் ஆகாது. என்ன மாறியது, ஏன் மாறியது என்று நாளோடு ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும். சுட்டிக்காட்டியவரின் பெயரைப் போடுவதானால் அவரிடம் இசைவு கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவருக்கே எழுதித் திருத்திய படியைக் காட்டுங்கள். கடுமையாக எழுதியவராயினும் இதைத் தவிர்க்க வேண்டாம், தடுக்கிய இடத்தை நன்றாக அறிந்தவர் அவர்தானே.

நான் அவருக்கு அனுப்பியது இவ்வளவுதான்: "வணக்கம். நூலைத் தளர்வாக விட வேண்டும் என்ற படி என் பாடத்தில் விடுபட்டிருந்தது. உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு இறுக்கித் தைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான் நடந்தது. நான்காம் படியைத் திருத்தியிருக்கிறேன். அதே சட்டையில் ஒரு முறை தைத்துப் பார்த்து, இப்போது எங்கேனும் நிற்கிறதா என்று சொல்வீர்களா?" மறுநாளே பதில் வந்தது. காஜாவுக்குள் பொத்தான் நுழைந்துவிட்டது என்றும், ஆனால் ஆறாம் படியில் எஞ்சிய நூலை எங்கே வெட்டுவது என்று சொல்லவில்லையே என்றும் அவர் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன், சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே அந்த வரியையும் சேர்த்தேன்.